கணவாய் தாண்டப் புருஷன் கையெழுத்து

அல்மோரா
8-11-1937

அண்ணனுக்குத் தாட்சாயிணி எழுதுவது.

நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். தீபாவளிக்கு முன்னால் நான் போட்ட கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. வரலட்சுமி அண்ணிதான் ஒரு கார்டு போட்டாள். "கடிதத்தைப் படித்ததும் உங்கள் அண்ணன் சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்" என்று. சோற்றைத் தள்ளுவதெல்லாம் பதில் ஆகாது அண்ணே. அதனால் கிராம முன்சீப்புக்குப் புரிகிற மாதிரி மறுபடி கிரமமாக எழுதுகிறேன்.

வருகிற கோடையில் எங்கள் டாக்டரம்மா லிப்புலேக் கணவாய் வழியாக மலை தாண்டித் திபேத்துக்குள் போகிறார். அந்தப் பக்கம் தக்லாகோட் என்று ஒரு சந்தை ஊர். அங்கே பனியில் படும் வெயிலின் கூச்சத்திலும் அடுப்புப் புகையிலும் கண் போகிற பெண்கள் ஏராளம். ஆண் கம்பவுண்டரிடம் அவர்கள் முகத்தைக்கூடக் காட்டுவதில்லையாம். கூட வர ஒரு நர்ஸ் வேண்டும் என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் வருகிறேன் என்றேன். கோவேறு கழுதை, கூடாரம், மூன்று மாதம் மனுஷ வாடையே இல்லாத மலை. என் வாழ்க்கையில் நானாக வேண்டும் என்று சொன்ன முதல் காரியம் இதுதான்.

எல்லை தாண்டுகிற ஒவ்வொருவரும் இங்கே எல்லைக் கச்சேரியில் பர்மிட் வாங்க வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை நீ பார்க்க வேண்டும். துப்பாக்கி உண்டா, படம் வரைவாயா, காலரா ஊசி போட்டாயா, வழியில் செத்தால் அங்கேயே புதைக்கலாமா என்று வரிசையாகக் கேட்கிறது. எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட்டேன். ஓர் இடத்தில்தான் பேனா நிற்கிறது. கலியாணமானவள் என்றால் புருஷன் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் வேண்டும். விதவை என்றால் சொந்த ஊர் முன்சீப்பின் சர்ட்டிபிகேட் வேண்டும். வேறு கட்டம் கிடையாது.

என்னை எந்தக் கட்டத்தில் எழுத? எனக்குப் பதினாறு வயதில் பினாங்குக் கப்பல் ஏறியவர் உன் மாப்பிள்ளை வீரராகவன். மறு வருஷம் ஒரு கார்டு வந்தது. அதோடு சரி. ஏழு வருஷம் தகவல் இல்லாத ஆளைச் செத்தவராக வைத்துக்கொள்ளலாம் என்று சட்டமே இருக்கிறது. "இன்னாரைப் பற்றி இத்தனை வருஷமாகத் தகவல் இல்லை, இறந்தவராகவே கருத வேண்டும்" என்று இரண்டு வரி எழுதி முத்திரை குத்தி அனுப்பு. நீ ஊரில் எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்ததுதான்.

அம்மா எப்படி இருக்கிறாள்?

தாட்சாயிணி


அரசங்குப்பம், ஆவடி வழி
21-11-1937

சௌபாக்கியவதி தாட்சாயிணிக்கு, பரந்தாமன்.

எழுதமாட்டேன்.

இந்த ஒரு வார்த்தையோடு கவரை ஒட்டியிருப்பேன். உன் அண்ணிதான் காரணம் சொல்லாமல் அனுப்பாதீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். காரணம் வேண்டுமா? இந்தா.

அம்மா இன்னும் வெள்ளிக்கிழமை தவறாமல் மாங்காட்டுக்கு வண்டி கட்டச் சொல்கிறாள். முழங்காலில் வீக்கம். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. மாப்பிள்ளை எங்கே இருந்தாலும் ஆயுசோடு இருக்க வேண்டும், பெண்ணின் மஞ்சள் நிலைக்க வேண்டும் என்று காமாட்சி சன்னிதியில் நின்று வேண்டிக்கொண்டு, குங்குமத்தை மடித்து எடுத்து வந்து, "தாட்சாயிணிக்குத் தபால்ல போட்ரு நைனா" என்று என் கையில் கொடுக்கிறாள். அந்தக் கையால் வீரராகவன் செத்தான் என்று நான் எழுத வேண்டும்! எதற்கு? நீ பனிமலை பார்க்க!

உன்னைப் படிக்க வைத்தபோது ஊர் என்ன பேசியது என்று உனக்குத் தெரியாது. உன்னை ரயில் ஏற்றி அல்மோராவுக்கு அனுப்பியபோது பேசியது அதைவிட அதிகம். எல்லாவற்றையும் ஒரு வார்த்தையால்தான் அடைத்தேன். அவள் புருஷன் உள்ளவள், அவன் வந்ததும் குடித்தனம் போய்விடுவாள் என்பேன். அந்த வார்த்தைதான் இத்தனை நாளாக உனக்கு வேலி. அதைப் பிடுங்கி அடுப்பில் வை என்கிறாய்.

தபால் ஆபீசில் உன் கடிதம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டவன் வாய் சும்மா இருக்கவில்லை. நேற்று ஆவடி ஸ்டேஷனில் ஒருவன் என் காதுபடவே சொல்கிறான், "முன்சீப்பு தங்கச்சி பனிமலைல கய்தை ஓட்டப் போவுதாமே" என்று. சிரித்த பல்லைத் தட்டியிருப்பேன். ரயில் வந்துவிட்டது.

அம்மா செத்த பிறகு எந்தக் காகிதம் வேண்டுமானாலும் கேள். அதுவரை இந்தப் பேச்சை எடுக்காதே. குங்குமம் வைத்திருக்கிறேன்.

பரந்தாமன்


அல்மோரா
3-12-1937

அண்ணனுக்கு,

முதலில் என் பெயருக்கு முன்னால் சௌபாக்கியவதி என்று எழுதுவதை நிறுத்து. கவரின் மேல் அந்த வார்த்தையைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ என்னைக் கேலி செய்கிற மாதிரி இருக்கிறது. எனக்கு எந்த சௌபாக்கியம் என்று நீயே ஒரு பட்டியல் போட்டு அனுப்பு, பிறகு எழுது.

வேலி என்கிறாயே. அந்த வேலிக்குள் நின்று பார்த்தவள் நான். கலியாண வீட்டில் தாம்பூலத் தட்டு வரிசையாக வரும். எனக்கு முன்னால் வந்ததும் நிற்கும். இவளுக்குக் கொடுக்கலாமா, கூடாதா? கொடுத்தால் ஏதாவது ஆகுமா, கொடுக்காவிட்டால் முன்சீப்புக்குக் கோபம் வருமா? ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் ஒவ்வொரு கையும் மஞ்சளை நீட்டும். அம்பத்தூர் மாமியார் வீட்டிலோ அந்த யோசனைகூட இல்லை. என்னைத் தாண்டிப் போய்விடுவார்கள். நீ ஆண்களோடு பந்தியில் உட்கார்ந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். உனக்கு எங்கே தெரியப்போகிறது?

விதவை என்று எழுதினால் என் நெற்றி அழியும் என்கிறாய். நான் இங்கே பிரசவம் பார்க்கிறேன், சீழ் துடைக்கிறேன், செத்துப்போன குழந்தையைத் தாயின் கையிலிருந்து வாங்குகிறேன். என் நெற்றியை ஒருத்தரும் பார்ப்பதில்லை. கை சுத்தமாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

இன்னொன்று. மேலத்தெரு அன்னம்மாளின் புருஷன் காணாமல் போனபோது, பட்டா மாற்ற வேண்டும் என்று அவள் மைத்துனன் வந்து நின்றதும் நீ எழுதிக் கொடுத்தாய். நான் வீட்டில் இருந்தேன், என் கண்ணால் பார்த்தேன். அன்னம்மாள் அழுதாள். நீ முத்திரையை ஊதி ஊதிக் குத்தினாய். நிலத்துக்காக எழுதினால் அது சர்க்கார் வேலை, கூடப் பிறந்தவளுக்காக எழுதினால் பாவம். அப்படித்தானே?

ஜனவரிக்குள் என் காகிதம் போய்ச் சேராவிட்டால் டாக்டரம்மா வேறு நர்ஸைப் பார்த்துக்கொள்வார். அவர் மேல் தப்பில்லை. பனி உருகுகிற காலம் எனக்காகக் காத்திருக்காது. நான் போகாமல் போனால் அதற்கு நீதான் காரணம் என்று சாகிறவரை சொல்லுவேன். அம்மாவிடமும் சொல்லுவேன்.

தாட்சாயிணி


அரசங்குப்பம்
9-1-1938

தாட்சாயிணிக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். அன்னம்மாளை ஏன் இழுத்தாய்? போகட்டும்.

உன் வேலை முடிந்தது. உன் பொட்டும் போகாது, உன் பயணமும் போகாது. வீரராகவனின் சம்மதக் கடிதத்தை நேற்று ரிஜிஸ்டர் தபாலில் உங்கள் எல்லைக் கச்சேரிக்கே நேராக அனுப்பிவிட்டேன்.

கண்ணை விரிக்காதே. பூந்தமல்லியில் கச்சேரி வாசலில் உட்கார்ந்து மனு எழுதுகிற எத்திராஜ் உனக்கு நினைவிருக்கும். அவனிடம் உன் புருஷனின் பழைய கார்டைக் காட்டினேன். கையெழுத்தை இரண்டு தடவை காற்றில் போட்டுப் பார்த்தான். மூன்றாம் தடவை காகிதத்தில் போட்டான். "இன்னா முன்சீப்பே, மாப்ளயே எறங்கி வந்து போட்ட மாதிரி கீதா இல்லியா?" என்று கேட்டான். அப்படியேதான் இருந்தது. கடிதத்தில் பினாங்கு சூலியா தெரு விலாசம், "என் மனைவி வைத்திய ஊழியத்துக்காக மலை தாண்டிப் போவதில் எனக்குப் பரிபூர்ண சம்மதம்" என்று இங்கிலீஷில் நாலு வரி. கீழே, கையெழுத்து நான் அறிந்ததே என்று என் முத்திரை.

இத்தனை வருஷ உத்தியோகத்தில் பொய்க்கு முத்திரை குத்தியது இதுதான் முதல் தடவை. யாருக்காகக் குத்தினேன் என்று யோசித்துப் பார். சாகிறவரை என்னைக் குறை சொல்வேன் என்றாயே, இப்போது சொல்.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. தெரியவும் கூடாது.

பரந்தாமன்


அல்மோரா
2-4-1938

அண்ணே,

நீ செய்த காரியத்தின் பலனைக் கேட்டுக்கொள்.

இன்று எல்லைக் கச்சேரித் துரை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எழுந்து நின்று நாற்காலி போட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "உனக்கு ஒரு சந்தோஷ சமாசாரம். உன் கணவர் உயிரோடு, சௌக்கியமாக இருக்கிறார்" என்றார். புருஷன் வெளிதேசத்தில் இருப்பதாக நீ விலாசத்தோடு எழுதிக் கொடுத்தாய் அல்லவா? ஒழுங்கான மனுஷர், அங்கே எழுதிச் சரிபார்த்துவிட்டார். சூலியா தெருவில் ஆள் இல்லை. தேடிப் பிடித்துவிட்டார்கள். தைப்பிங் என்ற ஊரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறாராம். கூட ஒரு பெண்ணும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று போலீஸ் ரிப்போர்ட்டில் ஒரே வரியில் இருக்கிறது.

மிச்சத்தையும் கேள். அவரிடம் வாக்குமூலம் வாங்கியிருக்கிறார்கள். துரை எனக்கு வாசித்துக் காட்டினார். "இந்தச் சம்மதக் கடிதத்தை நான் எழுதவில்லை. என் தர்ம பத்தினி அந்நியர்களோடு காட்டிலும் மலையிலும் சுற்றுவதை நான் அனுமதிக்கவில்லை."

அனுமதிக்கவில்லையாம்! நான் சாப்பிட்டேனா, இருக்கிறேனா, செத்தேனா என்று ஒரு காலணா கார்டு போடாத மனுஷன்! யாரோ ஒரு போலீஸ்காரன் போய்க் கேட்டதும் அவனுக்குப் புருஷன் என்கிற ஞாபகம் வந்துவிட்டது. சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டே சொல்லியிருப்பான். துரையோ, கணவர் ஆட்சேபித்துவிட்டார், வருந்துகிறேன், சட்டம் இப்படி என்கிறார். நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விரல்கள் வலித்தது வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

என்னைக் காப்பாற்றுகிறேன் என்று நீ செத்தவனை எழுப்பிக் கொண்டுவந்து என் வழியில் உட்கார வைத்தாய். நீ உண்மையை எழுதியிருந்தால், தகவல் இல்லை என்ற அந்த இரண்டு வரியை எழுதியிருந்தால், யாரும் பினாங்குக்கு எழுதியிருக்க மாட்டார்கள்.

இனி எனக்கு உன் புத்தி வேண்டாம். நான் சொல்கிறபடி செய். நம் ஜனங்களில் துரும்பு கிள்ளிப் போட்டுப் பந்தத்தைத் தீர்த்துக்கொள்கிற வழக்கம் உண்டு. நம் வீட்டில் யாரும் செய்ததில்லை, அது கௌரவக் குறைச்சல் என்பாய். எனக்குத் தெரியும். அம்பத்தூரில் அவன் அப்பன் இருக்கிறான். பெரியவர்களைக் கூட்டி அவன் முன்னால் துரும்பைக் கிள்ளிப் போடு. அதை எழுதி வாங்கி அனுப்பு. வழக்கத்துக்குத் தாலி திரும்பிப் போக வேண்டும். அதை இன்ஷூர் பார்சலில் உன் பெயருக்கு அனுப்பிவிட்டேன். நானே கழற்றினேன். ஒருத்தரும் அழவில்லை.

டாக்டரம்மா மே மாதக் கடைசி வரை பொறுக்கிறேன் என்கிறார்.

தாட்சாயிணி


அரசங்குப்பம்
24-4-1938

தாட்சாயிணிக்கு,

தபாலில் அனுப்புகிற பொருளா அது? உனக்கு மூளை இருக்கிறதா? நான் கிஸ்தி வசூலுக்குப் போயிருந்தேன். தபால்காரர் பழகினவர், வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நீ ஏதோ மலைப் பழம் அனுப்பியிருக்கிறாய் என்று அம்மா ஆசையாகப் பிரித்திருக்கிறாள்.

நான் வரும்போது கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். மடியில் தாலி. "செத்துட்டானாடா?" என்று கேட்டாள். பொய் சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் பார்வையைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தைப்பிங், சைக்கிள் கடை, பிள்ளைகள், அனுமதிக்கவில்லை என்றது எல்லாம். எத்திராஜ் போட்ட கையெழுத்தைக்கூட மறைக்கவில்லை.

அம்மா அழவில்லை. "உசுரோட கீறானா? கட்டிகினு புள்ள பெத்துகினு கீறானா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு, "நான் வேண்டிக்கினதெல்லாம் அவனுக்குப் போய் சேர்ந்துகினு இருந்துருக்குது பாரு" என்றாள். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. "வண்டியக் கட்டு" என்றாள்.

அம்பத்தூருக்குப் போனோம். தலையாரி சின்னப்பையனும் கூட வந்தான். உன் மாமனார் எங்களை உட்காரச் சொல்லவில்லை. எனக்குப் பார்த்தவுடனே விளங்கிவிட்டது, அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். கிழவன் கொஞ்சமும் கூசாமல் சொல்கிறான், "ஆம்பள, கடல் தாண்டிப் போனவன், ஒண்டியா எப்டி கீறது? ஒங்க பொண்ணு பேர நாங்க அயிக்கலியே, மூத்த பொண்டாட்டின்னுதான வெச்சிகினு கீறோம்" என்று. நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். சின்னப்பையன் இடுப்போடு சேர்த்துப் பிடித்திராவிட்டால் அன்றைக்கே ஜெயிலுக்குப் போயிருப்பேன். தெருவே கூடிவிட்டது. ஆடிக்கு ஆடி இந்த வீட்டுக்கு வேட்டியும் புடவையும் வைத்துக் கொடுத்தேனே, வாங்கிக் கட்டிக்கொண்டீர்களே என்று கத்தினேன். உன் மாமியார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாளே பெரியவர்களைக் கூட்டினோம். கோயில் வாசலில் ஊர் உட்கார்ந்தது. கிழவன் முதலில் வரமாட்டேன் என்றான். வராவிட்டால் ஜாதிக் கட்டு போட்டுத் தள்ளிவைப்போம் என்று சொன்னதும் வந்தான். தாலியை இலையில் வைத்து அவன் முன்னால் தள்ளினார்கள். வைக்கோல் துரும்பை என் கையில் கொடுத்தார்கள்.

என்னால் முடியவில்லை தாட்சாயிணி. உள்ளதைச் சொல்கிறேன். அத்தனை கோபத்தோடு போனவன், அந்தத் துரும்பை வைத்துக்கொண்டு நின்றேன். உன்னை மணையில் உட்கார வைத்தவன் நான்தானே. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்து வந்தாள். என் கையிலிருந்து துரும்பைப் பிடுங்கினாள். பொம்பளை கிள்ளுகிற வழக்கம் கிடையாது என்று ஒரு பெரியவர் தடுத்தார். அம்மா அவரைப் பார்த்துச் சொன்னாள், "அவன் ஆயுசுக்குக் கால் தேய நடந்து வேண்டிக்கினவ நானு. எனுக்கு இல்லாத பாத்யத வேற எவனுக்குக் கீது?" கிள்ளினாள். இரண்டு துண்டையும் கிழவன் மேல் எறிந்தாள்.

பஞ்சாயத்தார் கைநாட்டும் கையெழுத்தும் வைத்த தீர்வுப் பத்திரம் இதோடு இருக்கிறது. "ஜாதி வழக்கப்படி பந்தம் தீர்ந்தது" என்று நான் சாட்சி போட்டிருக்கிறேன். இந்த முறை நிஜத்துக்கு.

இன்னொரு சமாசாரம். பொய்க் கையெழுத்துக்கு எப்படி முத்திரை குத்தினாய் என்று தாலுகா கச்சேரியிலிருந்து விளக்கம் கேட்டு வந்திருக்கிறது. அதைப் பற்றி நீ எழுத வேண்டாம்.

பரந்தாமன்


அல்மோரா
6-5-1938

அண்ணனுக்கு,

பத்திரம் வந்தது. அம்மாவைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரிக் கிடங்கில் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். அதை இப்போது எழுத வரவில்லை. இப்போது எழுத வருவது கோபம்தான்.

துரை பத்திரத்தைப் படித்தார். மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். உங்கள் ஜனங்களின் வழக்கத்தைச் சர்க்கார் மதிக்கிறது என்றார். எழுந்திருக்கப் போனேன். உட்கார் என்றார். பேனாவை எடுத்து விண்ணப்பத்தில் வீரராகவன் பெயரை அடித்தார். பக்கத்திலேயே எழுதினார்: "காப்பாளர், சகோதரன் பரந்தாமன்." புருஷன் இல்லாத பெண்ணுக்குக் காப்பாளர் சம்மதம் வேண்டுமாம். அடித்த மை காயவில்லை அண்ணே, அதற்குள் அடுத்த ஆண் வந்து உட்கார்ந்துவிட்டான். இந்தத் தடவை நீ.

எனக்கு இருபத்தெட்டு வயது முடிந்துவிட்டது. என் சோறு என் சம்பளத்தில் சாப்பிடுகிறேன். ஒரு ஆஸ்பத்திரி வார்டு முழுவதும் என் பொறுப்பில் இருக்கிறது. ராத்திரி எத்தனை உயிரை என்னை நம்பி விட்டுவிட்டு டாக்டரம்மா தூங்கப் போகிறார்! ஆனால் ஒரு கல் மலையைத் தாண்டி மறுபக்கம் இறங்க வேண்டுமென்றால் அரசங்குப்பத்து முன்சீப் சரி என்று சொல்ல வேண்டும்.

எழுது. "என் தங்கை போவதில் எனக்குச் சம்மதம்" என்று எழுது. உனக்கு நன்றாகத்தான் இருக்கும். முதல் கடிதத்தில் எழுதமாட்டேன் என்றாயே, இப்போதும் அதையே சொல்லலாம், அதற்கும் உனக்குப் பாத்தியதை கொடுத்துவிட்டார்கள். ஆனால் எதுவானாலும் சீக்கிரம். ஜூன் முதல் வாரம் கழுதைகள் புறப்படுகின்றன. லக்னோவிலிருந்து ஒரு நர்ஸ் தயாராக இருக்கிறாள்.

தாலுகா விஷயத்தை எழுதாதே என்கிறாய். என்ன ஆயிற்று என்று சொல்லாமல் என்னைக் கழுதை ஏற விடாதே.

தாட்சாயிணி


அரசங்குப்பம்
15-5-1938

தாட்சாயிணிக்கு,

சம்மதம் தரமாட்டேன்.

கடிதத்தைக் கசக்கி எறிவதற்கு முன்னால் மிச்சத்தைப் படி. உன் கடிதம் வந்த அன்று சம்மதம் எழுதத்தான் உட்கார்ந்தேன். அம்மா வந்து, "இன்னாடா எய்துற?" என்றாள். படித்துக் காட்டினேன். "ஓஹோ" என்றாள். "அவன் அனுமதிக்கமாட்டேன்னு சொன்னான். நீ அனுமதிக்கிறேன்னு சொல்றியா? ரெண்டு பேரும் ஒண்ணுதான்டா." அவ்வளவுதான் சொன்னாள், அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்தில் மைக்கூடு கவிழ்ந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கோபம் அவள் மேல் இல்லை.

அதனால் வேறு எழுதினேன். உனக்காக அதைத் தமிழில் தருகிறேன்:

"மேற்படி தாட்சாயிணி மேஜர். சுயமாகச் சம்பாதிப்பவள். அவளுக்குப் புருஷன் இல்லை. காப்பாளர் யாரும் இல்லை, நானும் அல்ல. அவள் எங்கே போவதற்கும் வருவதற்கும் அவளுடைய கையெழுத்தே போதுமானது. இது நான் பூரணமாக அறிந்த உண்மை."

முத்திரையை அழுத்திக் குத்தியிருக்கிறேன். உன் துரை ஏற்றுக்கொள்வாரோ மாட்டாரோ. ஏற்றுக்கொள்ளாவிட்டால் அவர் முகத்துக்கு நேரே சத்தம் போடு. என்னிடம் போடுகிற சத்தத்தில் பாதி போட்டால் போதும், அவர் பெஞ்சுக்கு அடியில் போய்விடுவார்.

தாலுகா விஷயம் கேட்டாய். என்னை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். நாளைக்கு முத்திரையையும் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும். அதனால்தான் இன்றைக்கே எழுதினேன். அந்த முத்திரை கடைசியாகக் குத்திய காகிதம் உன்னுடையதுதான். நீ இதற்காகக் கண்ணைக் கசக்கினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். பொய்க்குக் குத்தினேன், பிடிபட்டேன். வயல் இருக்கிறது, உழுவேன். ஊர் இரண்டு மாதம் பேசும். பேசட்டும்.

கம்பளி இரண்டாக எடுத்துக்கொள். உனக்குச் சின்ன வயதிலிருந்தே காது குளிர் தாங்காது. கழுதையின் பின்னால் நிற்காதே. போய்த் தொலை.

பரந்தாமன்


தக்லாகோட், திபேத்
1-7-1938

அண்ணே,

உப்பு வியாபாரி ஒருவன் மலை இறங்குகிறான், அவனிடம் இதைக் கொடுக்கிறேன். எப்போது வந்து சேருமோ தெரியாது.

நீ எழுதியதைத் துரை மூன்று தடவை படித்தார். இப்படி ஒரு சர்ட்டிபிகேட் நான் பார்த்ததில்லை, செல்லாது என்றார். நீ சொன்னபடி சத்தம் போட்டேன். டாக்டரம்மா என்னைவிட அதிகமாகப் போட்டார், மேஜையைக் குத்தினார். கடைசியில் துரை அலுத்துப்போய், காப்பாளர் என்ற இடத்தில் நீயே கையெழுத்துப் போட்டுத் தொலை என்று பேனாவை என் பக்கம் தள்ளினார். போட்டேன். எழுத்து கோணலாகிவிட்டது. அதுதான் என் பர்மிட்.

அதை எண்ணெய்த் துணியில் சுற்றி, ரவிக்கைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு மலை ஏறினேன். காளி ஆற்றங்கரையில் வழுக்கு வழி. கயிற்றைப் பிடித்துத் தொங்கினேன். ஒரு கழுதை மருந்துப் பெட்டியோடு பள்ளத்தில் போய்விட்டது. கணவாய்க்குக் கீழே மூச்சு விட முடியாமல் பத்தடிக்கு ஒரு தரம் நின்றேன். அங்கெல்லாம்கூட நான் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டது அந்தக் காகிதத்தைத்தான். எல்லையில் கேட்பார்களே, நனைந்து போயிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்று.

கணவாயின் உச்சிக்குப் போனோம். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கற்களைக் குவித்து வைத்திருந்தார்கள், கிழிந்த துணிகள் காற்றில் படபடத்தன. அவ்வளவுதான். அங்கே ஒரு ஆளும் இல்லை அண்ணே. சாவடி இல்லை, சிப்பாய் இல்லை, ஒரு கதவுகூட இல்லை. அம்மா துரும்பைக் கிள்ளியதும், நீ உன் முத்திரையைத் தொலைத்ததும், அந்த மனுஷன் தைப்பிங்கில் உட்கார்ந்து அனுமதிக்கவில்லை என்றதும் இந்த இடத்தைத் தாண்டத்தான். இங்கே வந்து பார்த்தால், நீ யார், யாருடைய பெண் என்று கேட்க நாதி இல்லை. ரவிக்கையிலிருந்து காகிதத்தைப் பிடுங்கி எடுத்தேன். யாரிடம் காட்ட? எனக்கு வந்த ஆத்திரத்தில், பனியில் மண்டியிட்டு, தொண்டை கிழியக் கத்தினேன். கழுதைக்காரர்கள் பயந்து போனார்கள். டாக்டரம்மா என்னைத் தடுக்கவில்லை. கத்தி முடிந்ததும் தண்ணீர் கொடுத்தார்.

பிறகு மறுபக்கம் இறங்கினோம்.

உன் உத்தியோகத்துக்காக நான் அழக்கூடாது என்று எழுதியிருந்தாய். அழுதேன். என்ன செய்வாய்?

இங்கே கூடாரம் போட்ட அன்றே ஒரு பெண் வந்துவிட்டாள். இரண்டு கண்ணும் வீங்கிப் பீளை கட்டியிருந்தது. தடவித் தடவி என் கையைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டாள். துபாஷி மூலமாக ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். வலிக்காமல் கழுவுவாயா என்று.

கழுவுவேன் என்றேன்.

தாட்சாயிணி